இடது பக்கம் உட்காரச் சொன்னவர்

அவருக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் ஆற்றில் முங்கிக் குளித்துத் தண்ணீர் போய்ச் சீழ் வைத்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். அவர் சொல்லவில்லை. தன்னைப் பற்றி அவர் எதையுமே சொல்லமாட்டார். யார் வந்தாலும், "இங்கன வாரும், இடது பக்கம் இரியும்" என்று பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டுவார். உட்கார்ந்ததும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, வந்தவரின் வாயையே பார்ப்பார். காது மந்தமானவர் வாயைப் பார்ப்பது சாதாரண விஷயம். ஆனால் அப்படிப் பார்க்கப்படுகிறவனுக்கு அது சாதாரணமாக இருக்காது. நம் வீட்டில் நாம் பேசுவதை யார் அப்படிக் கேட்கிறார்கள்? ஐந்தாவது நிமிடத்தில், சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்லிக்கொண்டிருப்போம்.

நான் அவரிடம் மூன்று வருடம் உதவி இயக்குநராக இருந்தேன். எல்லோரும் அவரை 'சார்' என்று கூப்பிடாமல் 'அண்ணாச்சி' என்றே கூப்பிட்டோம். அவர் எடுத்த முதல் படம், பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணையும் அவள் கூட்டாளிகளையும் பற்றிய சிரிப்புப் படம். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் திருநெல்வேலிக்காரர்கள், "அந்தக் கோயில் சீன் வருமே!" என்று சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கோயில் சீனால் எத்தனை நாள் எனக்குச் சோறு இறங்காமல் கிடந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவர் காது கொடுப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லிடைக்குறிச்சியில் படப்பிடிப்புக்கு வீடு பார்க்கப் போயிருந்தோம். ஒரு வீட்டில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாடகையைப் பேசப் போன அண்ணாச்சி அவளுக்கு வலது பக்கமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரத்தில் அவள், பத்தாம் வகுப்பில் மூன்று தடவை வேண்டுமென்றே பெயிலான கதையைச் சொன்னாள். பாஸானால் கல்யாணம் செய்துவைத்துவிடுவார்கள் என்ற பயம். கணக்குப் பரீட்சையில் எல்லா விடையும் தெரிந்தும், தப்புத் தப்பாக எழுதிவிட்டு வந்தாளாம். "எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது சார் இது" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதை நினைத்துத் தானே திடுக்கிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "அப்புறம்?" என்றார்.

அவர் அதிகமாகப் பேசிய சொல் அதுதான். கேட்கும்போது அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை காரணம் கேட்டேன். "சிரிச்சிட்டா கதை முடிஞ்சுட்டுன்னு சொல்லுதவன் நினைச்சிருவான் வே. முக்காவாசிப் பேரு சிரிப்பு வார இடத்துலதான் நிறுத்துதான். அதுக்குப் பெறவுதான சங்கதியே இருக்கு" என்றார்.

குறிப்பு எடுக்கமாட்டார். ஆனால் ஒரு வார்த்தை மறக்கமாட்டார். களக்காட்டில் ஒரு பஸ் கண்டக்டர் ஒருநாள் படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கே வந்து நின்றார். தான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாத்தியாரின் சைக்கிளைத் திருடிய கதை படத்தில் வருகிறது என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். "அது நான் உங்ககிட்ட நம்பிச் சொன்னதுல்லா? என் பிள்ளைக இந்தப் படத்தப் பாக்காதா?" என்று சத்தம் போட்டார். நாங்கள் எல்லாரும் அடிதடி ஆகிவிடுமோ என்று விலகி நின்றோம். அண்ணாச்சி பதறவே இல்லை. நாற்காலியைத் தட்டி இடது பக்கம் உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரம் படப்பிடிப்பு நின்றது. எழுந்து போகும்போது கண்டக்டரின் கண் கலங்கியிருந்தது. சண்டை போட வந்த மனிதர், அந்த வாத்தியார் செத்துப்போனபோது தான் போகாமல் இருந்த கதையையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு அன்றைக்கு அண்ணாச்சிமேல் முதல்முறையாகப் பயம் வந்தது. காரணம், நான் சொன்ன கதையும் ஒன்று அவரிடம் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கதை விவாதத்துக்கு உட்காரும்போது உதவி இயக்குநர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து எதையாவது எடுத்துப் போட வேண்டும். பள்ளிக்கூடக் காதல், அப்பாவிடம் வாங்கிய அடி, எதிர்வீட்டுப் பெண், எதுவானாலும் சரி. எவன் போட்டது படத்தில் ஏறுகிறதோ அவனுக்குத்தான் மதிப்பு. பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் நாலு மாதம் உட்கார்ந்தோம். என்னோடு இருந்தவன் போட்டதில் மூன்று ஏறிவிட்டது. என்னுடையது ஒன்றுகூட இல்லை. எனக்கோ வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, என் அக்காவின் கதையை எடுத்துப் போட்டேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள்; சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். எங்கள் ஊர்ச் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை என்று ஒன்று உண்டு. பிள்ளை பாஸாகிவிட்டான், மாடு கன்று போட்டது, பிறந்தநாள், எதற்காவது நன்றி சொல்ல நினைத்தால், காரணத்தைக் கவரில் எழுதிக் காணிக்கையைப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை நடத்தும் உபதேசியார் ஒவ்வொரு கவராக எடுத்து, சபை முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் சபையே கவர்க்கட்டு கொடுக்கும். மூலையில் அந்த வீட்டு எண்ணை ரப்பர் ஸ்டாம்பில் குத்தியிருப்பார்கள்.

அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. தபால்காரர் மகனை அவளுக்குப் பிடித்திருந்தது. இருவரும் பேசிக்கொண்டதுகூடக் கிடையாது. அவன் டைபாய்டில் கிடந்து பிழைத்துவிட்டான். இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வாள்? ஆண்டவரிடம்தான் சொன்னாள். பேர் எழுதாமல் கவர் போட்டாள். ஆனால் போட்டது எங்கள் வீட்டுக் கவர். உபதேசியார் கவரில் இருக்கும் எல்லாவற்றையும் வாசித்துவிடும் பழக்கமுள்ளவர். "கவர் எண் நூற்றுப் பதினேழு. பேர் சொல்ல விரும்பாத ஒருவர், நம்முடைய தபால்காரர் மகன் சுகமானதற்காக ஸ்தோத்திரம்" என்று கணீரென்று வாசித்தார்.

மாடியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போட்டிக்காரனே என் முதுகில் தட்டினான். அவர் மட்டும் சிரிக்காமல் "அப்புறம்?" என்றார். "அப்புறம் என்ன அண்ணாச்சி, எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அக்காவ ஹாஸ்டல்ல சேத்துட்டாங்க" என்று முடித்தேன். "நம்பர் யாரு வீட்டு நம்பருன்னு சபைக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். "எப்படியோ தெரிஞ்சுது" என்றேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் டீ வாங்கப் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

எப்படித் தெரிந்தது என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன். சபையில் யாருக்கும் அடுத்த வீட்டு எண் ஞாபகம் இருக்காது. வாசித்ததும் ஒரு சின்னச் சலசலப்போடு அது போயிருக்கும். ஆனால் முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வயதுப் பயல் ஒருவன் துள்ளி எழுந்து, "அது எங்க வீட்டு நம்பர்லா!" என்று கத்தினான். மாதாமாதம் எங்கள் எண் வாசிக்கப்படும்போது எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் கத்திவிட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தெருப் பையன்கள் அக்காவைக் கண்டால் "நூத்திப் பதினேழு, நூத்திப் பதினேழு" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். என்னைக் கூட்டத்திலிருந்து தள்ளிவிடக் கூடாதே என்று நானும் அவர்களோடு நின்று சிரித்தேன். அக்கா அதைப் பார்த்தாள். ஜூன் மாதம் அவளை விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. பதினைந்து வருஷம்.

கோயில் சீன் எடுக்க எந்தச் சபையும் இடம் தரவில்லை. களக்காட்டுப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் ஜெப மண்டபத்தைச் சுத்தம் செய்து, பாய் விரித்து, கோயிலாக மாற்றினோம். காலையில் வசனத்தாளை எல்லோருக்கும் விநியோகிப்பது என் வேலை. அக்கா கதை வரும் என்று தெரியும். ஊரை மாற்றியிருப்பார், டைபாய்டை மஞ்சள்காமாலை ஆக்கியிருப்பார், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். தாளைப் புரட்டினேன். எதுவும் மாறவில்லை. கவர் எண் நூற்றுப் பதினேழு. அதற்குக் கீழே, 'தம்பி, வயது பன்னிரண்டு, முன்வரிசைப் பாயிலிருந்து எழுந்து, பெருமையாக' என்று போட்டு, நான் கத்திய அதே வாக்கியம்.

அண்ணாச்சி மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நேராகப் போய்த் தாளை நீட்டினேன்.

"அண்ணாச்சி, இது உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீரு சொல்லல" என்றார், நிமிராமல்.

"அதான் கேக்கேன். யாரு சொன்னா?"

"உம்ம அக்காதான் சொன்னாவ. அன்னைக்கு வெறும் வயித்தோட சுகர் டெஸ்டுக்குப் போனேன்லா. நீருதான் அங்கன போகச் சொன்னீரு."

உண்மைதான். அக்கா பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வலிக்காமல் ஊசி போடுவாள் என்று நானேதான் பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில், கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே, எங்கள் வீடு பதினைந்து வருஷமாகப் பூட்டி வைத்திருந்ததை இந்த மனிதர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நான்தான் இந்தக் கதைய இங்க வந்து சொன்னேன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாம எப்படி வே இருக்கும்?"

"என்ன சொன்னா?"

"அத உம்மகிட்ட சொல்லப்படாது. நீரு மாடில சிரிக்கச் சிரிக்கச் சொன்னத நான் அவுககிட்டயும் சொல்லல. வேணும்னா நீரே போயி அக்காகிட்ட கேளும்."

"நம்பரையாவது மாத்துங்க அண்ணாச்சி. உங்க கால்ல விழுதேன்."

"நம்பர மாத்த முடியாது" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சின்னப் பயலுக்கு நடிப்பு வரல. நீரே போயிச் சொல்லிக் குடும். எந்திரிக்கும்போது மூஞ்சி எப்படி இருக்கணும்னு உமக்குத்தான தெரியும்" என்றார்.

இதை நான் மன்னிக்க ரொம்ப நாளாயிற்று. ஆனால் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அவர் சொல்லி யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை, அவ்வளவுதான். மேலப்பாளையத்துப் பையன் ஒருவன் நடித்தான். "பயந்து எந்திரிக்காதல. உனக்குப் பரிசு குடுக்கப் போறாங்கன்னு நினைச்சுக்கோ. நெஞ்ச நிமித்து" என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் நெஞ்சை நிமிர்த்தி எழுந்து கத்தினான். யூனிட்டே சிரித்தது. ஒலிப்பதிவு செய்தவர் சிரித்துவிட்டதால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. நாலு தடவை எடுத்தார்கள். நாலு தடவையும் நான் காமிராவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தேன். அக்காவாக நடித்த பெண் அந்தச் சமயத்தில் கீர்த்தனைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதிலேயே கண்ணை வைத்திருந்தாள். அப்படித்தான் அக்காவும் இருந்திருப்பாள். அதையும் அக்காதான் சொல்லியிருக்க வேண்டும். நான் கவனித்திருக்கவில்லை.

மறுநாள் கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் படப்பிடிப்பு. விடிவதற்கு முன்னே என்னைக் கூப்பிட்டு, உடன்குடிக்குப் போய்க் கருப்பட்டி வாங்கி வரச் சொன்னார். கதாநாயகியின் தோழி எப்போதும் கருப்பட்டி கடித்துக்கொண்டே இருப்பாள். அம்பாசமுத்திரத்துக் கடையிலேயே கிடைக்குமே என்றேன். "உடன்குடிச் சரக்குதான் வேணும். கலர்ல தெரியும்" என்றார். காமிராவில் கருப்பட்டியின் ஊர் தெரியும் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பஸ் மாறிப் பஸ் மாறிப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பியபோது எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு என்ன எடுத்தார்கள் என்று கேட்டேன். ஆளுக்கு ஒரு வேலையாக நழுவினார்கள். படத்தொகுப்பு சென்னையில் நடந்தது. என்னை விளம்பர வேலைக்கு இங்கேயே விட்டுவிட்டார்.

படம் வருவதற்கு முன் டிரெய்லர் வந்தது. அதில் கடைசியாகச் சின்னப் பையன் எழுந்து கத்துவதையே வைத்திருந்தார்கள். இரண்டே நாளில் காலேஜ் பையன்கள் பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது "நூத்திப் பதினேழு ஒண்ணு குடுங்க" என்று கத்த ஆரம்பித்தார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு பயல் தன் சட்டை முதுகில் அந்த எண்ணை அச்சடித்துப் போட்டுக்கொண்டு போனான். அதைப் பார்த்துவிட்டு நான் போஸ்டர் கட்டோடு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு தெரு கூப்பிட்டதை இப்போது ஜில்லாவே கூப்பிட்டது. அக்கா வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் கூப்பிட்டிருப்பார்கள்.

எந்த நேரமும் அக்காவிடமிருந்து போன் வரும் என்று பயந்தேன். வந்தது.

"படம் என்னைக்குலே?"

"வெள்ளிக்கிழமை எக்கா."

"பகல் காட்சிக்கு மூணு டிக்கெட் எடு. எனக்கு ஒண்ணு, அத்தானுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. நீ எம் பக்கத்துல உக்காரணும்."

"எக்கா, நான் வந்து..."

"அத எல்லாம் பெறவு பேசலாம்" என்று வைத்துவிட்டாள். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ரத்தம் எடுக்க வருகிறவர்களிடம் பேசும் குரல்.

அத்தானுக்கு இந்தக் கதை தெரியாது. அதுதான் என்னை அரித்தது. அவர் விறைப்பான மனிதர். சபைக் கமிட்டியில் இருப்பவர். ஆராதனைக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்தாலும் வெளியே நின்றுவிட்டுத் திரும்பிப் போகிற ஜாதி. அவருடைய பெண்டாட்டி பதினைந்து வயதில் எவனுக்கோ ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள் என்று தியேட்டர் முழுக்கச் சிரிக்கும்போது தெரிந்துகொண்டால், அந்த வீட்டில் அக்கா எப்படி இருப்பாள்? இதை ஆக்கி வைத்தவன் நான். ஒரு மாடி அறையில் நாலு பேர் என் முதுகைத் தட்ட வேண்டும் என்பதற்காக.

வெள்ளிக்கிழமை ஜங்ஷன் தியேட்டர் நிறைந்துவிட்டது. அண்ணாச்சியும் வந்திருந்தார். உட்காரவில்லை. வாசல் திரைச்சீலை ஓரம் சாய்ந்து, படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு இடது காதைக் கொடுத்து நின்றார். அக்கா நடுவில் உட்கார்ந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அத்தான்.

முதல் ஒரு மணி நேரம் படத்தில் என்ன வந்தது என்று கேட்டால் சொல்லமாட்டேன். பெண்கள் கணக்குப் பரீட்சையில் தப்புத் தப்பாக எழுதினார்கள், சைக்கிள் காணாமல் போனது, கூட்டம் சிரித்தது. அத்தான்கூட மூக்கால் சிரித்தார். பிறகு திரையில் பாய் விரித்த கோயில் வந்தது. உபதேசியார் கவரை எடுத்தார். பின்வரிசைப் பையன்கள் முந்திக்கொண்டு "நூத்திப் பதினேழு!" என்று கத்தினார்கள். சின்னப் பையன் நெஞ்சை நிமிர்த்தி எழுந்தான். தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டது.

அத்தான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, எந்த வீட்டுப் பய இவன்! அக்காவ இப்படியா போட்டுக் குடுப்பான்!" என்று அக்காவின் தோளை இடித்தார்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தா உக்காந்திருக்கான்லா" என்று கட்டைவிரலால் என்னைக் காட்டினாள்.

அத்தான் சிரிப்போடு என்னைப் பார்த்தார். என் முகம் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். சிரிப்பு பைய நின்றது. "அப்ப கவரு போட்டது..."

"நான்தான்" என்றாள் அக்கா.

சுற்றிலும் விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஊசி போடப் பிடிக்கிற பிடி. ஆடாமல் அசையாமல் இருக்க வைக்கிற பிடி. "இரு. இன்னும் இருக்கு" என்றாள்.

அடுத்து ஆற்றங்கரை வந்தது. நான் உடன்குடிக்குப் போன அன்று எடுத்தது. விடியற்காலை, படித்துறையில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். தம்பி வந்து இரண்டு படி மேலே நிற்கிறான். ரொம்ப நேரம் நிற்கிறான். தியேட்டரில் ஓரிரண்டு பேர் சிரித்துப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். பிறகு அவன், "எக்கா, தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சிரு" என்கிறான். அவள் கையால் தண்ணீரை அள்ளி அவன்மேல் வீசுகிறாள். அவ்வளவுதான். அவ்வளவு பெரிய கூட்டம் சத்தமே இல்லாமல் இருந்தது. அக்கா என் கையை விட்டுவிட்டாள்.

படம் முடிந்து வெளியே வந்தோம். அத்தான் வண்டி எடுக்கப் போனார். நாலடி போனவர் நின்று, "அந்த டைபாய்டுக்காரன் இப்ப எங்கன இருக்கான்?" என்று கேட்டார்.

"துபாய்ல இருக்கானாம்" என்றாள் அக்கா.

"சரி. நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அது சிரிப்பா எரிச்சலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நாங்கள் இரண்டு பேரும் வண்டிகள் நிற்கும் இடத்தின் ஓரமாக நின்றோம். பகல் வெயிலில் கண் கூசியது.

"எக்கா, அந்த ஆத்தங்கரை சீன்" என்றேன். "அது நடக்கவே இல்லியே."

"நடக்கல."

"பெறவு எப்படி அவரு...?"

"நான்தான் சொன்னேன். ரத்தம் எடுக்கையிலே கேட்டாரு. எல்லாத்தையும் சொன்னேன்லே. தெருப் பயலுவ கூப்பிட்டது, நீ அவனுவகூட நின்னு சிரிச்சது, ஹாஸ்டல்ல அழுதது, எல்லாம். அப்புறம்னாரு. அப்புறம் ஒண்ணும் இல்ல சார்னேன். தம்பி வந்து ஒண்ணும் சொல்லலியான்னு கேட்டாரு. உன்கூட வேலை பாக்குத மனுசன். அவருகிட்ட உன்னய விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல. மறுநாளே ஆத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டுட்டான் சார்னு ஒரு பொய்யச் சொன்னேன். சொல்லிட்டு வீட்டுக்குப் போயி அழுதேன்."

அக்கா வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டாள்.

"மறுவாரம் வந்து, படத்துல வைக்கட்டுமான்னு கேட்டாரு. வைங்க, ஆனா நம்பர மட்டும் மாத்திராதீங்கன்னு நான்தான் சொன்னேன். மாத்தினா இது வேற எவன் கதையோன்னு நீ பாட்டுக்கு இருந்திருவ."

அப்போது அண்ணாச்சி தியேட்டர் வாசலிலிருந்து எங்களைப் பார்த்துவிட்டார். எங்கள் பக்கம் ரெண்டு எட்டு வைத்தார். எங்கள் முகத்தைப் பார்த்து நின்றார். பிறகு திரும்பி, வலது காதை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போய்விட்டார். அதற்கடுத்த படத்துக்கு அவர் சென்னைக்குப் போனார். நான் போகவில்லை. அவர்மேல் கோபம் என்று எல்லோரிடமும் சொன்னேன். கோபம் எல்லாம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. அவருக்கு இடது பக்கம் இனிமேல் உட்கார எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் நிஜம்.

அக்கா கைப்பையைத் தோளில் சரிசெய்தாள். "படத்துல ஒருத்தன் கேட்டுட்டான்" என்றாள். "நீ எப்ப கேக்கப் போற?"

இருபத்தேழு வயசுக்காரன், அடுத்த காட்சிக்குக் கூட்டம் முண்டிக்கொண்டு போகிற வாசலில், தொண்டையைக் கனைத்துக் கனைத்து நின்றேன். அத்தான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து, எங்களைப் பார்த்ததும் என்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளியே நின்றுகொண்டார்.

"எக்கா, மன்னிச்சிரு" என்றேன்.

அவள் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

சொன்னேன்.